ராஃப் தடுப்பான் போட்டால் எர்க் ஏறுகிறது. மருந்து கெட்டதா, என் பிளாட் கெட்டதா?

தூக்கமில்லா_பிளாட்:

வணக்கம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

முனைவர் பட்டம், இரண்டாம் ஆண்டு. ஒரு செடியிலிருந்து பிரித்தெடுத்த சேர்மம் குடல் புற்றுநோய் செல்களில் எர்க் பாதையை அடக்குகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எல்லோரும் பாடத்தில் படித்த அதே புரத வரிசை: ராஸ் ராஃபை எழுப்பும், ராஃப் மெக்கின் மேல் பாஸ்பேட் ஏற்றும், மெக் எர்க்கின் மேல் ஏற்றும், எர்க் உட்கருவுக்குள் போய் "பெருகு" என்று சொல்லும். ஒப்பீட்டுக்கு நன்றாகத் தெரிந்த தடுப்பான் ஒன்று வேண்டும் என்று கைடு பிஎல்எக்ஸ் 4720 வாங்கிக் கொடுத்தார். பி-ராஃபை அடக்குவது, வெமுராஃபெனிபுக்கு நெருங்கிய சொந்தம்.

செல் ஹெச்சிடி 116, குடல் புற்றுநோய்ச் செல். மருந்து 0.1, 1, 10 மைக்ரோமோலார், ஒரு மணி நேரம். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்து ஆன்டிபாடியால் பார்ப்பது) பாஸ்போ-எர்க், அதாவது பாஸ்பேட் ஏறி விழித்திருக்கும் எர்க்கின் பேண்ட் மங்கும் என்று காத்திருந்தால் அது ஏறுகிறது! 0.1-இல் கொஞ்சம், 1-இல் கன்னங்கரேல் என்று, 10-இல் 1-ஐ விடக் கம்மி, ஆனால் மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட லேனை விட அப்போதும் அதிகம். மொத்த எர்க் எல்லா லேனிலும் ஒரே மாதிரி இருக்கிறது. மூன்று தடவை செய்தாயிற்று, மூன்றிலும் இதே கதை.

கைடு மருந்து கெட்டுப்போயிருக்கும் என்கிறார். லேபில் உள்ள சீனியர் அக்கா நான் லைசேட்டை (செல்லை உடைத்து எடுத்த சாறு) மாற்றிப் போட்டுவிட்டேன் என்கிறார். (மூன்று தடவையுமா அக்கா?) அடுத்த வாரம் லேப் மீட்டிங்கில் இதைக் காட்ட வேண்டும், வயிற்றைக் கலக்குகிறது.

பால்_பவுடர்_எதிரி:

முதலில் பிளாட்டைச் சந்தேகப்படுங்கள், மருந்தை அப்புறம் பார்க்கலாம்.

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கச் செய்கிற பிளாக்கிங்குக்குப் பால் பவுடரா, பிஎஸ்ஏவா (மாட்டுச் சீரப் புரதம்)? பாலில் இருக்கும் கேசீனே பாஸ்பேட் சுமந்த புரதம், பாஸ்போ ஆன்டிபாடிக்குப் பின்னணி அழுக்காகிவிடும். லைசிஸ் பஃபரில் சோடியம் ஃப்ளூரைடும் ஆர்த்தோவனடேட்டும் போட்டீர்களா? புரோட்டியேஸ் தடுப்பானை மட்டும் போட்டுவிட்டு பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்படேஸுக்கான தடுப்பானை மறந்துபோகிற ஆட்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். நானே அதில் ஒருவன்தான், முதல் வருடம் முழுக்க.

இன்னொன்று, இதுதான் முக்கியம். மருந்து சேர்க்கும்போது புது மீடியம் மாற்றினீர்களா? புது சீரம் பட்டாலே ஐந்து பத்து நிமிடத்தில் எர்க் துள்ளும். மருந்துக் குழிக்கு மட்டும் மீடியம் மாற்றி, கன்ட்ரோலைத் தொடாமல் வைத்திருந்தால் நீங்கள் பார்ப்பது மருந்தின் வேலையே அல்ல, சீரத்தின் வேலை.

தூக்கமில்லா_பிளாட்:

பிஎஸ்ஏதான் அண்ணா, 5 சதவீதம். ஃப்ளூரைடு, வனடேட் இரண்டும் உண்டு. மீடியம் டிஎம்எஸ்ஓ குழிக்கும் மருந்துக் குழிகளுக்கும் ஒரே நேரத்தில் மாற்றினேன். எதுவுமே போடாத ஒரு குழி தனியாக வைத்திருந்தேன், அதை மட்டும் தொடவில்லை. நீங்கள் சொன்ன பிறகு பார்த்தால் அதில் டிஎம்எஸ்ஓவை விட எர்க் கம்மிதான்! அந்த வித்தியாசம் ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. ஆனால் டிஎம்எஸ்ஓவுக்கும் மருந்துக்கும் நடுவில் உள்ள ஏற்றத்துக்கு இது பதிலில்லையே?

ஓய்வுபெற்ற_பைப்பெட்:

தம்பி, உங்கள் மருந்தும் கெடவில்லை, பிளாட்டும் கெடவில்லை. தப்பான செல்லில் சரியான மருந்தைப் போட்டு, வர வேண்டிய பதிலைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

மேலே நண்பர் சொன்ன பாஸ்படேஸ் விஷயம் நல்ல பழக்கம், ஆனால் இங்கே அது குற்றவாளி இல்லை. அந்தத் தடுப்பானை மறந்தால் பாஸ்பேட் கழன்று பேண்ட் மங்கும், ஏறாது. அதே மாதிரி மருந்து செத்துப்போயிருந்தால் மூன்று அளவுமே டிஎம்எஸ்ஓ மாதிரி தட்டையாகக் கிடக்கும். உங்களுக்கு வந்தது தட்டையா? ஏறி, உச்சிக்குப் போய், 10-இல் இறங்கத் தொடங்கியிருக்கிறது. அளவுக்குத் தக்கபடி மாறுகிற விளைவு என்றாலே மருந்து எதையோ பிடித்து வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

ஹெச்சிடி 116-இல் கே-ராஸில் (ராஸின் ஒரு வகை) ஜி13டி என்ற மரபணு மாற்றம் இருக்கிறது. ராஸ் எப்போதும் ஆன். பி-ராஃப் மட்டும் சாதாரணமானது. பிஎல்எக்ஸ் 4720 எதற்காகச் செய்யப்பட்டது? பி-ராஃபில் வி600இ என்ற மாற்றம் உள்ள செல்களுக்காக. சோதனைக் குழாயில் அந்த மாறிய ராஃபைச் சுமார் 13 நானோமோலாரிலேயே பாதி அடக்கிவிடும். ஆனால் உங்கள் செல்லில் அந்த மாற்றமே கிடையாது.

இங்கேதான் வேடிக்கை. சாதாரண ராஃப் தனியாக வேலை செய்யாது, ராஸ் கூப்பிட்டால் சவ்வுக்கு வந்து இரண்டிரண்டாகச் சேர்ந்துதான் வேலை செய்யும். பி-ராஃபும் சி-ராஃபும் ஜோடி சேரும், சி-ராஃபும் சி-ராஃபும் கூடச் சேரும். மருந்து போய் ஜோடியில் ஒன்றின் ஏடிபி பையில் (பாஸ்பேட் கொடுக்கும் ஏடிபி உட்காரும் குழி) உட்காருகிறது. உட்கார்ந்தவுடன் அந்த ராஃபின் உருவம் மாறி, ஜோடி சேர்வது இன்னும் எளிதாகிறது. மருந்து ஏறிய ராஃபுக்கு வேலை ஓடாது, ஆனால் பக்கத்தில் இருக்கும் மருந்தில்லாத ராஃபை அது வேலை செய்யும் நிலைக்குத் தள்ளிவிடுகிறது. மேஸ்திரியின் கையைக் கட்டிப் போட்டாலும் அவர் நின்ற இடத்தில் நின்றுகொண்டே சித்தாளை விரட்டி வேலை வாங்குவதில்லையா, அந்தக் கதைதான்! அளவை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சித்தாள் கையும் கட்டுப்படும், அப்போது எர்க் இறங்கும். ஆனால் முதல் இடம் நிரம்பிய ஜோடியில் இரண்டாவது இடத்தை இந்த மருந்து அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது, அதனால்தான் 10 மைக்ரோமோலாரிலும் உங்களுக்கு டிஎம்எஸ்ஓவுக்குக் கீழே வரவில்லை.

வி600இ செல்லில் ஏன் இப்படி நடப்பதில்லை? மாறிய ராஃப் ஒண்டியாகவே ஓடும், ஜோடி தேவையில்லை. தவிர, அந்தச் செல்களில் எர்க் எப்போதும் உச்சத்தில் இருப்பதால் அதுவே மேலே திரும்பிப் போய் பிரேக் போட்டு ராஸை அமுக்கி வைத்திருக்கும். ராஸ் அமுங்கினால் ஜோடி குறைவு. ஜோடி குறைந்தால் மருந்து சொன்னபடி கேட்கும்.

இதை 2010-இல் மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளியிட்டார்கள். நியூயார்க்கில் நீல் ரோசன் குழு, லண்டனில் ரிச்சர்ட் மரைஸ் குழு, அப்புறம் ஜெனென்டெக் ஆட்கள். "முரண் தூண்டல்" என்கிற மாதிரி ஒரு பெயரில் எல்லாக் கருத்தரங்கிலும் அதே பேச்சு. ஆனால் அதற்கும் முன்னாலேயே, 1999-இல், ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஃபிலிப் கோயன் குழு ஒரு ராஃப் தடுப்பானைச் செல்லில் போட்டுப் பார்த்தது. பிறகு ராஃபை வெளியே எடுத்து மருந்தைக் கழுவிவிட்டு அளந்தால் அது நூறு மடங்குக்கும் மேல் விழித்திருந்தது. தலைப்பிலேயே முரண் என்றுதான் எழுதினார்கள். அப்போது பலர் அதைப் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டோம், நானும்தான்.

செய்ய வேண்டியது: பாஸ்போ-மெக்கையும் போடுங்கள். அதுவும் சேர்ந்து ஏறியிருந்தால் சமாச்சாரம் மெக்குக்கு மேலே நடக்கிறது. பிறகு பிஎல்எக்ஸ் 1 மைக்ரோமோலாருடன் மெக் தடுப்பான் யூ0126-ஐ 10 மைக்ரோமோலார் சேர்த்துப் போடுங்கள், ஏறின எர்க் அப்படியே காணாமல் போக வேண்டும். அப்புறம் வி600இ உள்ள ஒரு செல். குடல் செல்லே வேண்டுமென்றால் ஹெச்டி-29, தோல் புற்றுநோய் பரவாயில்லை என்றால் ஏ375. அங்கே அதே மருந்து எர்க்கை அடக்கினால் உங்கள் பாட்டிலுக்கு நற்சான்றிதழ் கிடைத்துவிடும், கைடிடம் தைரியமாகப் பேசலாம்.

தூக்கமில்லா_பிளாட்:

ஐயா, தம்பி இல்லை, தங்கை. பரவாயில்லை, இந்தப் பதிலுக்கு எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்! பக்கத்து லேபில் ஹெச்டி-29 இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன்.

வார்டு_பக்கம்:

நான் லேப் ஆள் இல்லை, மருந்தியல் படித்து மருத்துவமனைப் பக்கம் இருப்பவள். நீங்கள் பிளாட்டில் பார்த்ததை நோயாளிகள் தோலில் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

வெமுராஃபெனிபுக்கு அமெரிக்காவில் 2011 ஆகஸ்ட்டில் அனுமதி கிடைத்தது, வி600இ உள்ள மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு. கட்டிகள் ஆச்சரியப்படும் வேகத்தில் சுருங்கின. கூடவே ஒரு தலைவலி: மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தோலில் வேறு விதக் கட்டிகள் முளைத்தன, செதில் செல் வகையும் கெரட்டோஅகாந்தோமாவும். பெரும்பாலும் அறுத்து எடுத்துவிடக்கூடியவைதான். ஆனால் ஒரு புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து இன்னொன்றை ஏன் கிளப்ப வேண்டும்? அந்தக் கட்டிகளை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ராஸ் மாற்றம் இருந்தது, அதிலும் ஹெச்-ராஸ் நிறைய. வெயிலில் அடிபட்ட தோலில் ஏற்கெனவே ராஸ் மாறிய செல்கள் எங்கோ ஒதுங்கிக் கிடந்திருக்கின்றன, அங்கே பி-ராஃப் சாதாரணமானது, மருந்து போய் ஜோடியைச் சேர்த்து எர்க்கைக் கிளப்பிவிட்டது. உங்கள் ஹெச்சிடி 116-இல் நடந்ததேதான்.

ரத்தத்திலும் நடந்திருக்கிறது. மெலனோமாவுக்கு வெமுராஃபெனிப் எடுத்த ஒருவருக்கு, கூடவே இருந்த என்-ராஸ் மாற்றமுள்ள லுக்கீமியா மருந்து கொடுத்தால் ஏறியது, நிறுத்தினால் இறங்கியது. 2012-இல் வெளிவந்த அறிக்கை அது. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதனால்தான் பி-ராஃப் மாற்றம் இருக்கிறது என்று பரிசோதனையில் தெரியாமல் இந்த மருந்தைத் தொடக்கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கிறார்கள். பிறகு வந்த ஏற்பாடு ராஃப் தடுப்பானோடு மெக் தடுப்பானையும் சேர்த்துக் கொடுப்பது. டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் ஜோடிக்கு 2014 ஜனவரியில் அனுமதி வந்தது. மேலே ராஃப் எப்படிக் குதித்தாலும் கீழே மெக் அடைபட்டிருப்பதால் தோல் கட்டிகள் குறைந்தன, மெலனோமா திரும்புவதும் தள்ளிப்போனது. இரண்டு மருந்து கொடுத்து ஒரு பக்கவிளைவு குறைவது எங்கள் துறையில் அபூர்வம்.

சும்மா_படிப்பவன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதில் பாதி புரியவில்லை, ஆனால் என் மாமா சிஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய்க்கு ஏழு வருடமாக இமாட்டினிப் சாப்பிடுகிறார். அதுவும் கைனேஸ் தடுப்பான் என்று கூகுளில் பார்த்திருக்கிறேன். அதுவும் இப்படி ஏற்றிவிடுமா? பயமாக இருக்கிறது.

வார்டு_பக்கம்:

பயப்படாதீர்கள். பெயரில்தான் ஒரே குடும்பம். இமாட்டினிப் பிடிப்பது பிசிஆர்-ஏபிஎல் என்ற வேறொரு கைனேஸை (பாஸ்பேட் ஏற்றும் புரதம்; ராஃப், மெக், எர்க்கும் அந்த வகைதான்). சிஎம்எல்லில் 9, 22 ஆகிய இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் பிறந்த புரதம் அது, அது தூங்கும் உருவத்தில் இருக்கும்போது இமாட்டினிப் பூட்டு போட்டுவிடும். 2001-இலிருந்து உலகம் முழுக்கக் கொடுக்கிறார்கள், எத்தனையோ பேர் மாமாவைப் போலவே வருடக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள். அங்கே கவனிக்க வேண்டியது வேறு: மருந்தை இடையிடையே விட்டுவிடுவது, சிலருக்கு டி315ஐ போன்ற மாற்றம் வந்து மருந்து பிடிக்காமல் போவது. அதைத்தான் மருத்துவர் அவ்வப்போது ரத்தப் பரிசோதனையில் பார்க்கிறார். இந்த இழையைப் படித்துவிட்டு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், சந்தேகம் இருந்தால் அவர் மருத்துவரையே கேளுங்கள்.

சும்மா_படிப்பவன்:

நன்றி மேடம். இப்போதுதான் மூச்சு வந்தது.

ஓய்வுபெற்ற_பைப்பெட்:

தங்கைக்கு இன்னொரு விஷயம், கேட்காமலேயே சொல்கிறேன். கிழவன் என்றால் அப்படித்தான்.

தடுப்பான் பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் பெயரை நம்பாதீர்கள். மனிதனுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் கைனேஸ்கள் இருக்கின்றன, 2002-இல் எண்ணியபோது 518. பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஏடிபி பை ஏறக்குறைய ஒரே ஜாடை. ஒரு பைக்குச் செய்த சாவி பக்கத்து வீட்டுப் பூட்டையும் திறக்கும். எங்கள் காலத்தில் ஹெச்-89 என்றால் பிகேஏ என்ற கைனேஸின் தடுப்பான், அவ்வளவுதான், கண்ணை மூடிக்கொண்டு போடுவோம். பிறகு 2000-இல் அதே டண்டீ ஆட்கள் பிரபலமான தடுப்பான்களை வரிசையாக ஒரு கைனேஸ் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தார்கள். ஹெச்-89 இன்னும் சில கைனேஸ்களையும் அதே அளவில் அடக்கியது. பிகேசி-டெல்டா தடுப்பான் என்று விற்ற ராட்லரின் பிகேசி-டெல்டாவைத் தவிர மற்ற பலவற்றைத் தொட்டது! எத்தனை ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுரை அன்றைக்கு ஆட்டம் கண்டது தெரியுமா.

உங்கள் செடிச் சேர்மத்துக்கும் இது பொருந்தும். பிஐ3-கைனேஸ் தடுப்பான் எல்ஒய் 294002 எங்கிருந்து வந்தது? வெங்காயத்திலும் கொய்யாவிலும் இருக்கிற குவெர்செட்டினின் உருவத்தை வைத்து வடித்தெடுத்தது. குவெர்செட்டின் மாதிரியான ஃபீனால்கள் ஒன்றை மட்டும் பிடிக்காது, கைக்கு எட்டிய கைனேஸையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பிடிக்கும். உங்கள் சேர்மமும் அந்த இனமாக இருந்தால், எர்க் இறங்கியதைப் பார்த்தவுடன் "எர்க் பாதையைக் குறிவைக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள், அதைப் படிக்கும் நடுவர் ஒருவேளை நானாக இருப்பேன்.

சோதனைக் குழாய் எண்ணையும் அப்படியே செல்லுக்குக் கொண்டுவரக் கூடாது. குழாயில் ஏடிபியைக் கொஞ்சமாக ஊற்றி அளப்பார்கள், செல்லுக்குள் அது மில்லிமோலார் கணக்கில் மிதக்கிறது, மருந்து அத்தனை ஏடிபியோடும் அடித்துப் பிடித்து இடம் வாங்க வேண்டும். யூ0126, டிராமெட்டினிப் மாதிரி மெக் தடுப்பான்கள் பெரும்பாலும் இந்தச் சண்டைக்கே போவதில்லை, ஏடிபி பைக்குப் பக்கத்தில் உள்ள வேறொரு குழியில் உட்காருகின்றன. அதனால்தான் அவை இவ்வளவு ஒழுக்கமாக ஒரே ஆளைப் பிடிக்கின்றன. ராஸ் மாறிய செல்லில் ஒப்பீட்டுக்கு ஆரம்பத்திலேயே மெக் தடுப்பான் வைத்திருந்தால் மூன்று வாரம் மிச்சம்.

பால்_பவுடர்_எதிரி:

நான் பிளாட்டைத் திட்டியது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீடியம் விஷயத்தில் நான் சொன்னது சரிதானே?

ஓய்வுபெற்ற_பைப்பெட்:

சரிதான், சரிதான். அதற்காக ஒரு டீ கடன்.

தூக்கமில்லா_பிளாட்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், கையில் பிளாட்டோடு.

ஹெச்சிடி 116-இல் பிஎல்எக்ஸ் போட்ட லேனில் பாஸ்போ-மெக்கும் ஏறியிருக்கிறது. யூ0126 சேர்த்ததும் பாஸ்போ-எர்க் துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது. பக்கத்து லேப் ஹெச்டி-29-இல் அதே பாட்டில், அதே 1 மைக்ரோமோலார், ஒரு மணி நேரத்தில் பேண்ட் ஏறக்குறைய காணோம். சீனியர் அக்கா ஒன்றும் பேசவில்லை, பிளாட்டை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒரு பிளேட்டை மறந்து 24 மணி நேரம் விட்டுவிட்டேன். அதில் ஹெச்டி-29-இலேயே எர்க் பாதி திரும்பி வந்திருக்கிறது. இது என்ன புதுத் தலைவலி?

அப்புறம் என் சேர்மம்: ஹெச்சிடி 116-இல் பாஸ்போ-எர்க் கொஞ்சம் குறைகிறது. எங்கே பிடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓய்வுபெற்ற_பைப்பெட்:

மறந்த பிளேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே அம்மா, அதுவும் ஒரு நல்ல முடிவு. எர்க் இறங்கியதும் அது போட்டு வைத்த பிரேக்கும் விலகுகிறது. குடல் செல்லில் ஈஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சி ஏற்பி நிறைய, பிரேக் விலகியதும் அது விழித்து ராஸைத் தட்டி எழுப்புகிறது, ராஃப் ஜோடி சேருகிறது, எர்க் திரும்புகிறது. வி600இ இருந்தும் குடல் புற்றுநோயில் வெமுராஃபெனிப் தனியாகப் போணியாகாததற்கு இதுதான் காரணம் என்று 2012-இல் தெரிந்தது. பிறகு ராஃப் தடுப்பானோடு ஈஜிஎஃப்ஆரை அடைக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்தார்கள், என்கோராஃபெனிப், செட்டுக்ஸிமாப் ஜோடி, 2020-இல் அனுமதி. மறதியால் அதே பாதிக் கதையை நீயே உன் பிளேட்டில் எடுத்துவிட்டாய்.

சேர்மத்துக்கு: பாஸ்போ-மெக்கைப் பார். அதுவும் குறைந்தால் பிடி ராஃபிலோ அதற்கு மேலோ. மெக் அப்படியே நின்று எர்க் மட்டும் குறைந்தால் மெக்கிலேயோ, இல்லை எர்க்கின் பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்படேஸ் பக்கமோ. 5, 15, 60 நிமிடம், 24 மணி என்று நேரம் வைத்துப் பார். இருபத்து நாலு மணியில் மட்டும்தான் குறைகிறது என்றால் அது தடுப்பானே இல்லாமலிருக்கலாம், செல் சாகிறது என்பதைத்தான் நீ அளக்கிறாய்.

கைடு என்ன சொன்னார்?

தூக்கமில்லா_பிளாட்:

பிளாட்டைக் காட்டினேன், எல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். கடைசியில், "நல்லது, ஆனால் புது பாட்டிலுக்குப் போன வாரமே ஆர்டர் போட்டுவிட்டேன், திங்கள் வந்துவிடும்" என்றார்.

பால்_பவுடர்_எதிரி:

வரட்டும். அதையும் ஹெச்சிடி 116-இல் போட்டுக் காட்டுங்கள். அதுவும் ஏறும்.